ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே

ஆல்வின் நான்கிவெல் அதிகம் பேசமாட்டார், அதனால் நாங்கள் வேலை பார்த்த ஈய உலையில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். தலையில் பேருக்குக்கூட முடியில்லாத ரெக்ஸுக்கு ‘சுருட்டை’ என்று பெயர். எங்கள் ஊரில் பட்டப்பெயர் வைக்கிற லட்சணம் அப்படி. எனக்கு மட்டும் எதுவும் வைக்கவில்லை, வெறும் க்ளெம்தான். கேலி செய்கிற அளவுக்குக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை என்று சுருட்டை சொல்லுவான். நானும் என்னை அப்படித்தான் நினைத்திருந்தேன், தொந்தரவு இல்லாத ஆள் என்று.

போர்ட் கார்மோடியில் பிறந்த பையன்கள் வேறு வழி யோசிக்காமல் உலைக்குள் போன காலத்தில் ஆல்வினும் பதினைந்து வயதில் போனார். ஐம்பத்தொன்பது வயதில் வெளியே வந்தார். நடுவில் அவர் செய்ததெல்லாம் பெரும்பாலும் பேரிங் மாற்றியதுதான். விசிறியோ பம்போ, சுற்றுகிற எதுவானாலும் அதன் அச்சைத் தாங்குவது பேரிங். தேய்ந்தால் முதலில் முனகும், பிறகு கத்தும், கவனிக்காமல் விட்டால் அச்சையே தின்றுவிடும். ஆல்வின் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெஷின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். “மூணு வாரம்” என்பார். மூன்று வாரத்தில் அது போய்விடும். மேலே இருந்த இன்ஜினியர்கள் கருவி வைத்து அளந்துவிட்டு, கடைசியில் அவரிடம் வந்துதான் கேட்பார்கள்.

நல்ல மனிதரா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல எனக்கு வராது. வேலை கற்க வரும் பையன்களிடம் அவருக்கு ஈவிரக்கம் கிடையாது. அவருக்கென்று ஒரு குறும்பு உண்டு. பையன் ஒரு பம்பைப் பிரித்து மாட்டி முடித்திருப்பான். அவன் டீக்குப் போன நேரம் பார்த்து, காலி மேஜையில் ஒரு வாஷரை வைத்துவிடுவார். வந்தவன் அதைப் பார்த்ததும், எதையோ மாட்டாமல் விட்டுவிட்டோம் என்று பதறிப்போய், முழுவதையும் மறுபடி பிரிப்பான். எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம்.

எனக்கும் செய்தார். அறுபத்தெட்டாம் வருடம், எனக்குப் பதினாறு வயது. ஒரு அமிலப் பம்பை மூன்று முறை பிரித்தேன். மூன்றாவது முறை அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். ஆல்வின் வந்து அந்த வாஷரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “இது என்னோடது” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் நாங்கள் நண்பர்கள். சேர்ந்து மீன் பிடித்திருக்கிறோம். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் அவர்தான். இருந்தும் அந்த அழுகை எனக்குச் செரிக்கவில்லை என்று போன வருடம்தான் தெரிந்தது.

அவர் மனைவி மெர்ல் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பின் ஒருநாள் குளியல் தொட்டியின் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனார், வீட்டுக் கம்பளமெல்லாம் தண்ணீர். இன்னொரு நாள் பக்கத்து டவுனான கடினாவில் காரை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் நடந்தார். இரண்டும் எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுப் பதறி ஓடிவர எனக்கு அடிலெய்டில் மகள் இல்லை. அவருக்கு இருந்தாள். ஜனீன், ஐம்பது வயது, பள்ளிக்கூடத்தில் வேலை. கெட்டவள் இல்லை. எல்லாவற்றையும் இன்றே தீர்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறவள், அவ்வளவுதான்.

அவள்தான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். மறதி நோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம், வெறும் வயதாகவும் இருக்கலாம், இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எதைச் செய்தாலும் எழுதி வையுங்கள், ஞாபகம் ஒன்று சொல்லி எழுத்து இன்னொன்று சொன்னால் எழுத்தை நம்புங்கள் என்றும் சொன்னார். ஆல்வின் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வரைபடத்தில் இருப்பதைத் தவிர வேறெதையும் நம்பாமல் நாற்பத்து நான்கு வருடம் வேலை செய்தவருக்கு அது சுலபம். ஃப்ரிட்ஜ் கதவில், அடுப்புக்கு மேலே, கார் சாவியில் என்று எங்கே பார்த்தாலும் அவருடைய அச்சடித்த மாதிரி எழுத்து.

அந்தச் சமயத்தில்தான் வீட்டு வாஷிங் மெஷின் கத்த ஆரம்பித்தது. துணி பிழியும் கட்டத்துக்கு வந்தால் சமையலறைச் சுவரே நடுங்கும். பின்பக்கம் துரு நிறத்தில் தண்ணீர் கசிந்து தரையில் கோடு போட்டிருந்தது. கதவைத் திறந்து டிரம்மைக் கையால் தூக்கினால் லொடலொடவென்று ஆடியது. காது வைத்துக் கேட்கவே தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஜனீனுக்கு அது ஒரு சாக்காகப் போயிற்று.

“அப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க ப்ளேன் கெளம்புதான்னு கேக்குறாங்க. தூக்கிப் போடுங்க இதை. நான் புதுசு அனுப்புறேன்.”

“பேரிங்” என்றார் ஆல்வின்.

“அது எனக்கும் தெரியுதுப்பா. யாரு மாத்துவா?”

“நான்.”

“நீங்களா? போன வாரம் டீத்தூளைக் கொண்டுபோய் ஃப்ரீசர்ல வச்சீங்க.”

அவர் குனிந்து மறுபடி டிரம்மைத் தூக்கிப் பார்த்தார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு வருடமாக முதியோர் இல்லத்தின் காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவள் அவள்.

“சரி, இப்படி வச்சுக்கலாம். ஒத்த ஆளா, யாரும் கைவைக்காம, நீங்களே பிரிச்சு மாத்தி ஓட வச்சுட்டீங்கன்னா, இல்லத்துப் பேச்சை நான் இனிமே எடுக்கவே மாட்டேன். முடியலன்னா நான் காட்டுற எடத்துல கையெழுத்துப் போடணும். அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன்.”

“சரி” என்றார் ஆல்வின். கைகூட குலுக்கிக்கொண்டார்களாம்.

இதை அவரே என்னிடம் சொன்னார். கொட்டகைக்குக் கொண்டுபோக மெஷினை என் டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் அத்தனை வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. “நான் பொறந்தது இந்தத் தெரு. மெர்ல் செத்தது இந்த வீடு. இதை விட்டு நான் எங்கடா போவேன்?” என்றார். பிறகு, “யார்ட்டயும் சொல்லாதே. உன்ட்ட மட்டும்தான் சொல்றேன்” என்றார். சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன்.

கொட்டகை என்பது ரிட்டயரான ஆண்கள் செவ்வாயும் வியாழனும் கூடும் தகரக் கொட்டகை. எங்கள் தொல்லை தாங்காமல் மனைவிமார் எங்களைத் துரத்திவிட்ட இடம் என்றும் சொல்லலாம். நாற்காலிக்குக் கால் ஒட்டுவோம், புல்வெட்டும் மெஷினைப் பழுது பார்ப்போம், பத்து மணிக்கு டீயும், கறி அடைத்துச் சுட்ட பாஸ்டியும் உண்டு. அதைவிட முக்கியம், ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்போம். யாராவது மரியாதையாகப் பேசினால் அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை ஆல்வின் மெஷினைப் பிரித்தார். மேல்மூடி, பெல்ட், புல்லி, கனத்துக்காக வைக்கிற சிமெண்ட் கட்டி, ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கழற்றிய பாகத்தை மேஜையில் வைப்பார், சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார், பக்கத்தில் எண் எழுதுவார். இரண்டு சேர்ந்து வந்தால் ஆறு, ஆறு A. பிறகு வெளித்தொட்டியை இரண்டாகப் பிளந்தார். அதற்கு மட்டும் இருபத்திரண்டு போல்ட். டிரம்மின் அச்சு துருப்பிடித்து இறுகியிருந்தது. மரக்கட்டையை வைத்துச் சின்னச் சின்ன அடியாக அடித்து இறக்கினார். கடைசியில் இரண்டு பேரிங்கையும் தட்டி வெளியே எடுத்து, ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சுற்றிப் பார்த்தேன். கரகரவென்று மணல் அரைபட்டது.

“கேக்குதா?” என்றார். அவர் முகத்தில் மெர்ல் போனபின் நான் பார்க்காத ஒரு சந்தோஷம்.

சுருட்டை தூரத்திலிருந்து, “என்ன ரேடியோ, இன்னிக்கு நியூஸ் வாசிக்கிறியா?” என்றான்.

வியாழக்கிழமை காலை, இரண்டு நாள் ஃப்ரீசரில் கிடந்த புது பேரிங்குகளை எடுத்துவந்தார். தொட்டியின் பின்பாதியில் அவை உட்காருகிற குழியை வெந்நீர்த் துணி போட்டுச் சூடாக்கினார். குளிரில் சுருங்கிய பேரிங், சூட்டில் விரிந்த குழிக்குள் சுத்தியல் படாமலே டக் என்று உட்கார்ந்தது. எண்பது வயதுக் கை. ஒரு நடுக்கம் இல்லை. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலுக்கு கிரீஸ் தடவினார், அச்சைச் செருகினார், மூடினார். எண்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாட்டினார். மாட்டி முடித்த பாகத்தின் கோட்டை ஈரத்துணியால் அழித்தார். பத்து மணிக்குள் இருபத்திரண்டு போல்ட்டும் இறுகி, புல்லி ஏறி, மேஜை துடைத்த மாதிரி ஆகிவிட்டது. மெஷினின் வெளிப்பெட்டிக்குள் தொட்டியை இறக்கித் தொங்கவிடுவதும் பெல்ட் மாட்டுவதும்தான் பாக்கி. அவர் கக்கூஸுக்குப் போனார். அந்த வயதில் போனால் திரும்ப நேரமாகும்.

சுருட்டை என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கையில் ஒரு மெல்லிய இரும்பு வளையம், உதிரிச் சாமான் டப்பாவிலிருந்து பொறுக்கியது.

“டேய் க்ளெம், பம்பு ஞாபகம் இருக்கா? நீ மூக்கு ஒழுக அழுதியே?”

“இருக்கு.”

“வச்சுருவமா? அவன் நமக்கு வச்சதுதானடா.”

“கண்டுபிடிச்சுருவாரு. அவரோட சொந்தச் சரக்கு.”

“கண்டுபிடிக்கட்டும். சிரிச்சுட்டு டீ குடிப்பான். இப்ப என்ன கெட்டுப்போச்சு?”

சுருட்டைக்கு ஜனீன் வைத்த பந்தயம் தெரியாது. எனக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான். நான் சொன்னது வேறு.

“சும்மா வச்சா நம்பமாட்டாரு” என்றேன்.

அங்கே கிடந்த சாக்பீஸை எடுத்தேன். வளையத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். பக்கத்தில் 9A என்று எழுதினேன். ஒன்பது என்பது அச்சு, பத்து என்பது உள்பேரிங். அந்த இரண்டுக்கும் நடுவே என்றால், இருபத்திரண்டு போல்ட்டையும் கழற்றாமல் போகமுடியாது. அவருடைய எழுத்து எனக்கு அத்துப்படி. ஒன்பதின் வாலை அவர் நேராக இழுப்பார், A-யின் குறுக்குக்கோட்டைக் கீழே போடுவார். அப்படியே எழுதினேன்.

சுருட்டை சிரிப்பை நிறுத்தினான். “ஏய், எழுத்தெல்லாம் வேணாம்டா.”

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உலையில் ஒருவன் மெஷினுக்குள் இறங்குமுன் தன் பெயரெழுதிய அட்டையை சுவிட்சில் மாட்டுவான். அதை அவனைத் தவிர வேறெவனும் தொடக்கூடாது. யாராவது கழற்றி சுவிட்சைப் போட்டால் உள்ளே இருப்பவன் கூழாகிவிடுவான். பிரித்த மெஷினுக்குப் போடுகிற சாக்பீஸ் எண்ணும் எங்களுக்கு அதே ஜாதிதான். பாகத்தை ஒளித்துவைப்போம், ஷூவுக்குள் கிரீஸ் வைப்போம், ஒருவன் எழுதியதில் மட்டும் கைவைக்கமாட்டோம். எழுபத்தொரு வயதில் நான் கைவைத்தேன்.

ஆல்வின் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மேஜையைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

நாங்கள் ஏழெட்டுப் பேர், டீக்கோப்பையும் கையுமாக, எதையும் பார்க்காதவர்கள் போல நின்றோம்.

முதலில் அவர் முகம் லேசாக மலர்ந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன், எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு அவர் குனிந்து எண்ணைப் படித்தார். முகம் அப்படியே விழுந்தது. சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு இன்னொரு முறை படித்தார். ஸ்பேனரை எடுத்தார்.

இருபத்திரண்டு போல்ட். பிளந்தார். வளையத்தை அச்சில் போட்டார். எங்கள் கெட்ட நேரம், கச்சிதமாகப் பொருந்தியது. மூடினார். டிரம்மைச் சுற்றினால் தொட்டியில் உரசியது. மறுபடி திறந்தார். இந்தத் தடவை வளையத்தைப் புல்லிக்குப் பின்னால் போட்டுப் பார்த்தார். புல்லி விலகி நின்றது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன ரேடியோ, மிச்சம் வந்துருச்சா? காதுல மாட்டிக்க, எடுப்பா இருக்கும்” என்றான் ஒருவன்.

“எல்லாத்தையும் கவுத்திப்போட்டு மொதல்லேர்ந்து பாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும்” என்றான் இன்னொருவன். அவனுக்கும் பந்தயம் தெரியாது, சும்மா வாயில் வந்ததைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தை ஆல்வினின் தோளில் விழுந்ததை நான் பார்த்தேன்.

“எழுதியிருக்கு” என்றார் அவர், யாரையும் பார்க்காமல். “எழுதியிருக்கே.”

கை சொன்னது, இது இந்த மெஷினுடையதே இல்லை என்று. அந்தக் கை ஒருபோதும் தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் டாக்டர் எழுத்தை நம்பச் சொல்லியிருந்தார். மூன்றாவது முறை பிரிக்க ஆரம்பித்தபோது சிரிப்பு குறைந்துவிட்டது. இரண்டு பேர் டீக்கோப்பையைக் கழுவ நழுவினார்கள். ஒரு போல்ட் கைதவறி விழுந்தது. அது அவர் ஷூவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் மண்டியிட்டு மேஜைக்கு அடியெல்லாம் துழாவிக்கொண்டிருந்தார்.

சுருட்டை என் விலாவில் இடித்தான். “போதும்டா. சொல்லிரு.”

“நீ சொல்லு.”

“எழுதுனது நீ.”

நான் சொல்லவில்லை. பயம் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பயமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பதினாறு வயதில் நான் நின்ற இடத்தில் அவர் நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சநேரம் பார்க்கலாம் என்று இருந்தது.

ஆல்வின் மேஜையைப் பிடித்து எழுந்து என்னிடம் வந்தார். யாரும் கைவைக்கக்கூடாது என்பது பந்தயம். வாயைத் திறந்து ஒருவரிடம் உதவி கேட்டு நான் அவரைப் பார்த்ததில்லை.

“க்ளெம். இது எங்கடா போகும்?”

உள்ளங்கையில் வளையம். கண்கள் சிவந்திருந்தன.

“நீங்கதான எழுதுனீங்க” என்றேன். “உங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?”

அவர் தலையை ஆட்டினார். நியாயமான பதில் என்று ஏற்றுக்கொண்டது போல இருந்தது. ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார், தொப்பியை எடுத்தார், “சரி” என்றார். நடந்தே வீட்டுக்குப் போனார்.

அவர் போனபின் சுருட்டையும் நானும் வளையம் இல்லாமல் தொட்டியை மூடினோம். எல்லாவற்றையும் மாட்டித் தண்ணீர் விட்டு ஓடவிட்டோம். பிழியும் கட்டம் வந்தது. சுவர் நடுங்கவில்லை, ஒரு முனகல் இல்லை. காதை வைத்துக் கேட்டேன், காற்று போகிற சத்தம்தான். காலை பத்து மணிக்கே அவர் எல்லாவற்றையும் சரியாக முடித்திருந்தார்.

அப்போதுதான் சுருட்டையிடம் பந்தயத்தைச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

“தெரிஞ்சேவா எழுதுன?”

“நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டுச் சொல்லிர்றேன்.”

“நாளைக்கு என்னடா நாளைக்கு? இப்பப் போடா, நாயே.”

நான் அன்றைக்குப் போகவில்லை. இரண்டு பியர் குடித்துவிட்டு, என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குறும்பு என்று சொல்லலாம், நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான் என்று சொல்லலாம், அவரும் சிரித்துவிடுவார் என்று எனக்கு நானே ஜோடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை டிரெய்லரில் மெஷினோடு போனபோது வாசலில் ஜனீனின் கார் நின்றது. அவள் வெளியே வந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது.

“அங்கிள், நேத்து சாயங்காலம் அப்பாவே ஃபோன் பண்ணாரு. ‘நீ சொன்னதுதான் சரி, என் மூளை போயிருச்சு, காகிதத்தைக் கொண்டா’ன்னு. நான் ரெண்டு வருஷமா கெஞ்சுனேன், அசையல. ஒரே நாள்ல இப்படி ஆயிட்டாரு.”

“கையெழுத்து…”

“காலையிலேயே போட்டுட்டாரு. கார் சாவியையும் என்ட்ட குடுத்துட்டாரு. அந்த மெஷினை இங்க எறக்காதீங்க அங்கிள், ப்ளீஸ். அதைப் பாத்தாலே ஒடைஞ்சு போறாரு. எங்கயாவது கொண்டுபோயிருங்க.”

கையெழுத்து ஈரம்கூடக் காயாத நேரம் அது. காகிதம் அவள் பையில்தான் இருந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம்.

“சரிம்மா” என்றேன். வண்டியைத் திருப்பினேன்.

மெஷினைச் சுருட்டை எடுத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டிக்கு அதைவிட நல்ல மெஷின் அமைந்ததே இல்லையாம். அவன் அதைச் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

ஆல்வினை அடுத்த வாரமே பக்கத்து ஊர் இல்லத்தில் சேர்த்தார்கள். வீட்டு வாசலில் விற்பனைக்கு என்று பலகை நட்டார்கள். தினம் அந்த வழியாகப் போவேன். பலகை மேல் ‘விற்றாகிவிட்டது’ என்று சிவப்புக் காகிதம் ஒட்டின அன்று, இனி யாருக்கும் பிரயோஜனம் இல்லாத நேரம் பார்த்து, ஜனீனுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, “இதை ஏன் இப்ப சொல்றீங்க?” என்றாள்.

“தெரியணும்ல.”

“எனக்குத் தெரிஞ்சு நான் என்ன பண்ணட்டும்? வீடு போச்சு. கட்டில், பீரோ எல்லாம் போச்சு. அம்மாவோட துணிகூடப் போச்சு. உங்க நெஞ்சு பாரத்தை எறக்கி வைக்க நான்தான் கெடச்சனா?” குரல் உடைந்தது. “போய் அவர்ட்டயே சொல்லுங்க. என் வாயால சொல்லமாட்டேன்.”

செவ்வாய்க்கிழமை போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலரில் பெயர் தைத்திருந்தது. இளைத்திருந்தார். நான் போன நேரம் ஒரு நர்ஸிடம், “நான் சாப்ட்டாச்சாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே காலித் தட்டு இருந்தது. அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை நம்ப அவருக்குத் துணிவில்லை. கை கழுவுகிற குழாயைக்கூட அவர் இப்போது தானாகத் திறப்பதில்லை என்று அந்தப் பெண் சொன்னாள்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நான் உட்காருமுன்பே சொல்லிவிட்டேன்.

“ஆல்வின், அந்த வளையம் உங்க மெஷினோடது இல்ல. நாங்கதான் வச்சோம். நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் மாட்டியிருந்தீங்க. ஓட்டிப் பாத்தோம், சத்தமே இல்ல. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல.”

அவர் மெல்லச் சிரித்தார். “சுருட்டை சொல்லி அனுப்பிச்சானா?”

“இல்ல. சத்தியமா நாங்கதான்.”

“முப்பது பேருக்கு நான் செஞ்ச வேலைடா அது. எனக்குத் தெரியாதா? பாத்த ஒடனே அதான் நெனச்சேன், இந்தப் பயலுக வேலைன்னு. அப்புறம் நம்பரைப் படிச்சேன்.”

“நம்பரையும் நான்தான் எழுதுனேன்!”

“நீ எழுதமாட்டே. எந்த ஃபிட்டரும் எழுதமாட்டான். அதுவும் ஜனீன் விஷயம் உனக்குத் தெரியும், உன்ட்ட மட்டும்தான் சொன்னேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டு செய்றதுக்கு நீ என்ன மிருகமாடா?”

 மேஜையில் கிடந்த துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தேன். அன்று எழுதியது போலவே எழுதினேன், ஒன்பதின் வால் நேராக, குறுக்குக்கோடு கீழே. அவர் கண்ணெதிரே நீட்டினேன். 

ஆல்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

“அப்படியே என் எழுத்து” என்றார். “எனக்காக ஒக்காந்து எழுதிப் பழகியிருக்கே.”

“இல்ல, ஆல்வின்…”

“போதும். எனக்குப் புரியுது.” என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். பிறகு அந்த நர்ஸைக் கூப்பிட்டு, அவர் வாழ்நாளில் பேசாத அளவுக்குச் சத்தமாகப் பேசினார். “இங்க வாம்மா. இவன்தான் க்ளெம். நான் வருத்தப்படக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கான். இந்தக் காலத்துல எவன் செய்வான்? இவனுக்கு ஒரு டீ குடு.”

அவள் நெஞ்சில் கைவைத்து என்னைப் பார்த்தாள். டீயோடு ஒரு கேக்கும் கொண்டுவந்தாள். குடித்தேன், கேக்கையும் தின்றேன்.

“அடுத்த செவ்வாயும் வருவியாடா?” என்று கேட்டார்.

இப்போதெல்லாம் எந்தச் செவ்வாயும் தவறுவதில்லை. அந்த இல்லத்தில் எல்லோருக்கும் என்னை ரொம்பப் பிடிக்கும்.